மில்லி ஃப்ளூர் என்பது நிறத்தின் பெயர்: ஒரே மாதிரி தெரியும் பேன்டம் என்ற குட்டி இனக் கோழிகளைப் பிரித்தறிவது

கோழி வளர்க்கும் ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. "மில்லி டியூக்கிள் ஜோடி என்று சொல்லிச் சந்தையில் வாங்கினேன். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே புள்ளி, காலிலும் ஒரே மாதிரி இறகு. சேவலுக்குக் கன்னம் உப்பித் தாடி வைத்த மாதிரி இருக்கிறது. பெட்டைக்கு அது இல்லை. பெட்டைக்குத் தாடி வராது என்கிறார் விற்றவர். ஒரு நண்பர் இது பூட்டட் பேன்டம் என்கிறார், இன்னொருவர் பிரம்மா குட்டி என்கிறார். யார் சொல்வது சரி? இந்தக் குட்டிக் கோழிகளை எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது?"

முதலில் உங்கள் ஜோடியை முடித்துவிடுவோம். பெட்டைக்குத் தாடி வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டியூக்கிள் இனத்தில் சேவலுக்கும் தாடி உண்டு, பெட்டைக்கும் உண்டு. பெட்டைக்குக் கொண்டை சின்னது என்பதால் அதன் முகத்தில் தாடி இன்னும் எடுப்பாக, ஆந்தை மூஞ்சி மாதிரி தெரியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சேவல் டியூக்கிள், பெட்டை பெரும்பாலும் பூட்டட், அதாவது காலில் இறகு இருந்தும் தாடி இல்லாத வேறு இனம். பிரம்மா கிடையாது, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. நம்மூரில் சேவலின் அலகுக்குக் கீழே தொங்குகிற சிவப்புச் சதையையும் தாடி என்றுதான் சொல்கிறோம். அழகுக்காகப் பேன்சி கோழி வளர்ப்பவர்கள் தாடி என்று சொல்வது இறகுத் தாடியை. கன்னம் இரண்டிலும் தொண்டையிலும் இறகு அடர்ந்து மூன்று கொத்தாக உப்பி நிற்கும். இறகுத் தாடி இருக்கிற கோழிக்குச் சதைத் தாடி சின்னதாகிவிடும், சிலவற்றில் தேடினாலும் கிடைக்காது. இது எப்போதும் சேர்ந்தே வரும் ஜோடி அடையாளம். சதை நன்றாகத் தொங்கினால் இறகுத் தாடி இருக்காது.

குழப்பத்துக்கு வேர் எங்கே என்றால், நாம் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்கிறோம். மில்லி ஃப்ளூர் என்றால் பிரெஞ்சில் ஆயிரம் பூக்கள். செம்பழுப்பு இறகு, அதன் நுனிக்குப் பக்கத்தில் கருப்புப் பொட்டு, நுனியில் வெள்ளைத் துளி, அவ்வளவுதான். இந்தச் சட்டையை டியூக்கிளும் போடும், பூட்டட்டும் போடும். டான்வெர்ஸ், பீக்கின், ஜப்பானீஸ், ஓல்ட் இங்கிலீஷ் கேம் என்று இன்னும் பல இனங்களிலும் இதே நிறம் வளர்க்கிறார்கள். போதாததற்கு, ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். ஒரே கோழியை ஒரு வயதிலும் நான்கு வயதிலும் படம் எடுத்துக் காட்டினால் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வார்கள்.

ஆகவே நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நான் புதிதாக ஒரு கோழியைக் கையில் எடுத்தால் முதலில் அதைப் புரட்டிக் காலைத்தான் பார்ப்பேன். கணைக்காலில் இறகு உண்டா, விரல் நான்கா ஐந்தா, தோல் மஞ்சளா வெள்ளையா சாம்பலா. அப்புறம் கொண்டை. அதற்குப் பிறகு தாடி, காதுமடல், கடைசியாக இறகின் வடிவம். இந்த வரிசையில் போனால் பாதி இனங்கள் முதல் இரண்டு படியிலேயே கழன்றுவிடும்.

பெல்ஜியக் குடும்பத்தில் இதைச் செய்து பார்க்கலாம். உக்கிள் என்பது பிரஸ்ஸல்ஸ் நகரின் தென்பகுதி. அங்கே மிக்கேல் வான் கெல்டர் என்பவர் நூறு வருடங்களுக்கும் முன்பு உருவாக்கியது டியூக்கிள். ஆண்ட்வெர்ப் பக்கத்துத் தாடிக்கோழியான டான்வெர்ஸையும், காலில் இறகுள்ள பூட்டட்டையும் சேர்த்து எடுத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. கோழியைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது, தலை ஒரு பக்கத்துச் சொத்து, கால் இன்னொரு பக்கத்துச் சொத்து. டியூக்கிளுக்குக் கொண்டை ஒற்றை, அதாவது ரம்பப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கும், கட்டுச்சேவல்காரர்கள் கத்திப்பூ என்பது. தாடி உண்டு, காலில் இறகு உண்டு. டான்வெர்ஸுக்குத் தாடி உண்டு, ஆனால் ரோஜாக் கொண்டை, அதாவது தலையோடு படிந்து, மேலே முத்து முத்தாக இருந்து, பின்னால் ஒரு கூர் நீளும். கால் சுத்தமாக இருக்கும், ஒரு இறகு கூட இருக்கக் கூடாது. பூட்டட்டுக்கு ஒற்றைக் கொண்டை, காலில் இறகு, ஆனால் தாடி இல்லை, சதை சிவப்பாகத் தெளிவாகத் தொங்கும். வாட்டர்மேல் என்று ஒன்று அபூர்வமாகக் கண்ணில் படும். பார்க்க டான்வெர்ஸ் மாதிரி, தலையில் மட்டும் பின்பக்கம் சீவிவிட்ட சின்னக் குடுமி, கொண்டையின் பின்னால் ஒரு கூருக்குப் பதில் மூன்று. டியூக்கிளில் வாலே இல்லாத வகை எவர்பெர்க், டான்வெர்ஸில் வாலில்லாதது க்ரூப். வால் அறுந்த கோழி என்று யாராவது விலை குறைத்துக் கொடுத்தால், தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தலையை மறைத்து வைத்தாலும் டியூக்கிளையும் பூட்டட்டையும் நிற்கிற நிலையில் ஓரளவு பிரிக்கலாம். டியூக்கிள் குள்ளம், முதுகு சிறியது, கழுத்து இறகு சிங்கப் பிடரி மாதிரி பின்னால் பருத்து நிற்கும். பூட்டட் கொஞ்சம் நிமிர்ந்து, கழுத்து மெலிந்து, பார்க்க ஒரு சாதாரணச் சேவலின் சாயலில் இருக்கும். ஜெர்மன்காரர்கள் மட்டும் இந்தக் கால் இறகுக் குட்டிகளில் தாடி உள்ளதையும் இல்லாததையும் ஒரே இனத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்துப் படங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சந்தையில் நிறையப் பார்ப்பது கலப்புதான். அதையும் கொண்டையே காட்டிக்கொடுக்கும். ரோஜாக் கொண்டை ஒற்றைக் கொண்டையை அமுக்கிவிடும். அதனால் டான்வெர்ஸையும் டியூக்கிளையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் ரோஜாக் கொண்டையோடும் தாடியோடும் காலில் இறகோடும் குஞ்சு வரும். அப்படி ஒன்றை 'அரிய டியூக்கிள்' என்று கொடுத்தால் அது அரிதுதான், டியூக்கிள் மட்டும் இல்லை.

இப்போது பிரம்மா. உங்கள் கோழியை மெதுவாகப் பிடித்துத் தொடையின் பின்பக்கம், முட்டிக்குப் பக்கத்தில் தடவிப் பாருங்கள். விறைப்பான நீண்ட இறகுகள் கீழ்நோக்கிப் பின்னால் குத்திக்கொண்டு நிற்கும். கழுகுத்தொடை என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூக்கிளுக்கும் பூட்டட்டுக்கும் அது இருந்தே ஆக வேண்டும். காலில் இறகுள்ள பெரிய இனங்களான கொச்சினுக்கும் பிரம்மாவுக்கும் அது குற்றம், அந்த இடத்தில் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். கொச்சினையும் பிரம்மாவையும் ஒதுக்குவதற்கு இந்த ஒரு தடவலே போதும்.

பிரம்மாவையும் கொச்சினையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக் கொண்டைக்குப் போக வேண்டும். பிரம்மாவுக்குப் பட்டாணிக் கொண்டை, மூன்று வரிசைச் சிறு முகடுகள் தலையோடு ஒட்டி ஓடும், நடு வரிசை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கொச்சினுக்கு ஒற்றைக் கொண்டை. பிரம்மாவுக்கு நெற்றி எலும்பு கண்ணுக்கு மேலே துருத்தி நின்று முறைக்கிற பார்வையைக் கொடுக்கும். கொச்சின் சாது, பந்து மாதிரி உருண்டு, கால் தெரியாமல் நகரும். கொச்சின் என்றதும் கேரளத்துக் கொச்சியை நினைக்காதீர்கள், அந்தப் பெயர் இன்றைய வியட்நாம் பக்கத்துக் கொச்சின்-சைனாவிலிருந்து வந்தது, கோழி வந்ததோ சீனத்திலிருந்து. பிரம்மாவின் பெயர் பிரம்மபுத்திராவின் சுருக்கம். அதற்கும் மூலம் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா போன பெரிய கோழிகள். இரண்டு பெயரிலும் இந்திய வாசனை அடிக்கிறது, இரண்டுமே சீனச் சரக்கு.

பீக்கினா, கொச்சின் பேன்டமா என்று நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். பிரிட்டனில் பீக்கின் என்பதைத்தான் அமெரிக்காவில் கொச்சின் பேன்டம் என்கிறார்கள். 1860இல் ஓப்பியம் போரின் முடிவில் பீக்கிங், அதாவது இன்றைய பெய்ஜிங், கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கோழிகள் என்று ஒரு கதை உண்டு. மூலம் ஒன்றுதான் என்றாலும் அளவுகோல் இப்போது பிரிந்துவிட்டது. பிரிட்டிஷ் பீக்கின் சேவல் 680 கிராமைத் தாண்டக் கூடாது. முன்பக்கம் தாழ்ந்து, வால் பக்கம் தலையைவிட உயர்ந்து, குப்புறச் சாய்ந்த மாதிரி நிற்க வேண்டும். அமெரிக்கக் கொச்சின் பேன்டம் சேவல் 900 கிராம் வரை போகும். நம்மூரில் இருப்பவை இரண்டும் கலந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ பெரிய கொச்சினின் வளரும் குஞ்சைப் பேன்டம் என்று விற்பதுதான் உண்மையான ஆபத்து. அதற்கு ஒரே மருந்து தாய் தகப்பனைக் காட்டச் சொல்வது.

ஓர இறகுக் கோழிகளுக்கு வருவோம். இதில் நான் பணம் தொலைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். ஒவ்வொரு இறகிலும் பொன்னிறம், அதைச் சுற்றி மை வைத்துக் கோடு இழுத்த மாதிரி கருப்பு விளிம்பு. பார்த்ததுமே கோல்டன் சீப்ரைட் என்று முடிவுகட்டி, மூன்று மாதக் குஞ்சு ஜோடி ஒன்றை வாங்கி வந்தேன். ஐந்தாவது மாதம் சேவல் அழகாகக் கூவ ஆரம்பித்தது. ஆறாவது மாதம் வாலில் இரண்டு வளைந்த அரிவாள் இறகுகள் எட்டிப் பார்த்தன. எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் ரசித்தார்கள், நான்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஏனென்றால் சீப்ரைட் சேவலுக்கு அந்த இறகு வரவே கூடாது.

ஜான் சீப்ரைட் என்ற ஆங்கிலேயப் பிரபு 1800களின் தொடக்கத்தில் வருடக்கணக்காக உழைத்து எடுத்த இனம் இது. இதன் சேவலுக்கு இறகு முழுவதும் பெட்டை இறகு. கழுத்தில் கூரான இறகு கிடையாது, இடுப்பில் தொங்கும் இறகு கிடையாது, வாலில் அரிவாள் கிடையாது. காரணம் தோலில் இருக்கிறது. அரோமட்டேஸ் என்ற நொதி அங்கே அளவுக்கு மீறி வேலை செய்து, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடுகிறது. இறகு முளைக்கும் இடத்தில் பெண் ஹார்மோன்தான் கட்டளை போடுகிறது. மற்றபடி அது முழுச் சேவல், கூவும், சண்டை போடும், மிதிக்கும். கொண்டையையும் சதையையும் பார்த்துத்தான் சேவல் பெட்டை பிரிக்க முடியும்.

நான் வாங்கியது வயன்டாட் பேன்டம். அதற்கும் ரோஜாக் கொண்டை, அதற்கும் ஓர இறகு, அதனால்தான் ஏமாந்தேன். காலைப் புரட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வயன்டாட்டுக்கு மஞ்சள் கால், சீப்ரைட்டுக்கு ஸ்லேட் பலகை மாதிரி நீலச் சாம்பல் கால். கொண்டையிலும் வித்தியாசம் உண்டு. வயன்டாட்டின் கொண்டைக் கூர் தலையின் வளைவோடு சேர்ந்து பிடரியை நோக்கிக் கீழே இறங்கும், சீப்ரைட்டின் கூர் நேராகப் பின்னால், லேசாக மேல்நோக்கிப் போகும். உடம்பிலும் வயன்டாட் கனம், சேவல் 850 கிராம் பக்கம். சீப்ரைட் சேவல் 620 கிராம்தான், நெஞ்சைத் தள்ளிக்கொண்டு இறக்கையைத் தொங்கவிட்டு நடக்கும்.

காலின் நிறத்தைப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டையின் மஞ்சள் கால் வெளுத்துப்போகும், மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்குப் போய்விடுவதுதான் காரணம். மக்காச்சோளமும் கீரையும் காணாத கோழிக்கும் அப்படித்தான். எனவே மஞ்சளா வெள்ளையா என்று சந்தேகம் வந்தால் அதே இனச் சேவலின் காலைப் பாருங்கள். ஸ்லேட் நிறம் அப்படி ஏமாற்றாது.

அடுத்து செராமா, ஜப்பானீஸ். வால் செங்குத்தாக நிற்கிற எந்தக் குட்டிக் கோழியும் இங்கே செராமா ஆகிவிடுகிறது. செராமா மலேசியாவின் கிளந்தானிலிருந்து வந்தது, முழு வளர்ச்சியிலும் அரைக் கிலோவுக்குள். நெஞ்சு தலைக்கு நிகராக உயர்ந்து, இறக்கை நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கி, பட்டாளத்துக்காரன் அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி நிற்கும். கால் அளவான உயரம். ஜப்பானீஸ், அதாவது சாபோ, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குக் குட்டை. வயிறு தரையை உரசும். சேவலின் கொண்டை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது, வால் தலையையும் தாண்டி உயரும்.

இந்தக் குட்டைக்காலுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. அது தெரியாமல் பலர் நல்ல கோழியைக் கலப்பு என்று கழித்துவிடுகிறார்கள். குட்டைக் காலுக்கான மரபணு ஒன்று போதும், கால் குட்டையாகிவிடும். தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். ஆகவே குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் ஜோடி சேர்த்தால், கரு கூடிய முட்டையில் நான்கில் ஒரு பங்கு பொரியாது, பாதி குட்டைக்கால், மீதி நான்கில் ஒரு பங்கு நீளக்கால். நானும் ஒரு வருடம் இன்குபேட்டரைத் திட்டித் தீர்த்தேன், டார்ச் அடித்துப் பார்க்கும்போதெல்லாம் நின்றுபோன முட்டைகள் வந்துகொண்டே இருந்தன. விவரம் தெரிந்த பிறகு குட்டைக்காலோடு நீளக்காலைச் சேர்த்தேன், அதில் சாவு இல்லை, குஞ்சு பாதிக்குப் பாதி வரும். அதனால் நீளக்கால் ஜப்பானீஸ் என்பது கலப்பின் அடையாளமாகாது, அதே வயிற்றில் பிறந்த தங்கைதான். அதைச் செராமா என்று விற்பதுதான் தப்பு. கையில் தூக்கினால் கனத்திலேயே தெரிந்துவிடும்.

சில்க்கி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து விரல், கருப்புத் தோல், பஞ்சு இறகு, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பஞ்சு இறகு மட்டும் இருந்து நான்கு விரல் என்றால் பஞ்சு இறகுச் செராமாவாகவோ கொச்சினாகவோ இருக்கலாம். ஐந்து விரலும் கருப்புத் தோலும் இருந்து இறகு சாதாரணமாக இருந்தால் சில்க்கி கலப்பு. பஞ்சு இறகு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், அதனால் முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளும். கடக்நாத்துக்கும் தோல் கருப்புதான், அதற்கு நான்கு விரல், ஒட்டிய இறகு, பேன்டமும் கிடையாது.

காட்டுக்கோழிச் சாயலில், கருஞ்சிவப்பில் இருக்கிற சின்னச் சேவல்கள் வந்தால் காதுமடலைப் பாருங்கள். டச்சு பேன்டத்துக்கு வெள்ளை, ஓல்ட் இங்கிலீஷ் கேமுக்குச் சிவப்பு. தொட்டால் கேமின் இறகு உடம்போடு ஒட்டி இறுகி இருக்கும், டச்சு லேசாக, தளர்வாக இருக்கும். முழுக் கருப்பில் ரோஜாக் கொண்டையும் காசு மாதிரி வட்டமான பெரிய வெள்ளைக் காதுமடலும் இருந்தால் அது ரோஸ்கோம். டான்வெர்ஸுக்குக் காதுமடல் தாடிக்குள் மறைந்துகிடக்கும். காதுமடல் வெளுக்க ஐந்தாறு மாதம் ஆகும், அதற்கு முன் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

குஞ்சிலேயே தெரியுமா என்றும் சிலர் கேட்பார்கள். கால் இறகு பொரித்த அன்றே தெரியும், கணைக்காலில் பூனை முடி மாதிரி இருக்கும். ஐந்தாம் விரலும் அன்றே எண்ணிவிடலாம். தாடி உள்ளதற்குக் கன்னம் புஸ்ஸென்று உப்பி, அணில் கொட்டையை அடக்கின மாதிரி இருக்கும். கொண்டை ஒற்றையா, படிந்ததா என்பதை நல்ல வெளிச்சத்தில் ஊதிப் பார்த்தால் முதல் வாரத்திலேயே சொல்லலாம். காலின் நிறம், காதுமடல், வால் இதெல்லாம் காத்திருக்க வேண்டியவை.

உங்கள் ஜோடிக்குத் திரும்பி வருகிறேன். அப்படியே சேர்த்து விட்டால் பிறக்கும் குஞ்சுகளுக்கு அரைத்தாடி வரும், கன்னம் லேசாக உப்பும், சதையும் பாதி தொங்கும். அடுத்த தலைமுறையில் தாடி உள்ளது, இல்லாதது, அரைகுறை என்று எல்லாம் கலந்து வரும். பிறகு அதைச் சந்தையில் கொடுத்தால் இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்பார். தாடியுள்ள பெட்டை ஒன்று கிடைக்கும்வரை சேவலைத் தனியாக வையுங்கள், முன்பே மிதித்திருந்தால் மூன்று வாரத்துக்கு இந்தப் பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்காமல் சாப்பிட்டுவிடுங்கள். பெட்டையை விற்க வேண்டாம். இந்தக் கால் இறகுப் பெட்டைகள் பொதுவாக நன்றாக அடை உட்காரும். நல்ல டியூக்கிள் முட்டை கிடைக்கும்போது ஆறு ஏழு முட்டையை அதன் அடியிலேயே வைக்கலாம். கால் இறகு நீளமாக இருந்தால் கூட்டுக்குள் ஏறி இறங்கும்போது முட்டையை இழுத்து உடைக்கும், அடைக்கு விடும் முன் நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள்.